ஏடு பெயர்த்தலும் கைப்பேசி மாற்றலும்

தோற்றுவாய்

பொருளைப் போற்றுவோர் அதனைத் தாங்கும் கலத்தையும் போற்றுதல் வேண்டும். கலமோ நெடுங்காலம் நில்லாது. ஓலையைச் செல் அரிக்கும். தாள் மடிப்பில் முறியும். கைப்பேசியோ நான்கைந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஆதலின், உள்ளிருக்கும் பொருள் நிலைபெற வேண்டுமாயின், அதனைப் பழங்கலத்தினின்று புதுக்கலத்திற்கு உரிய காலத்தே மாற்றுதல் இன்றியமையாதது. தமிழ் பயிலும் மாணவராகிய நமக்கு இச்செய்தி புதிதன்று. நாம் இன்று கையிற் கொண்டு பயிலும் சங்க நூல்கள், தலைமுறைதோறும் யாரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதியமையாலன்றோ நம்மை வந்தடைந்தன? அப்பணியில் விழிப்புக் குன்றிய இடங்களில் நூல்கள் மறைந்தன.

பழைய கைப்பேசியில் உள்ளவற்றைப் புதியதற்கு மாற்றும் முறையினை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். ஏடு பெயர்த்தலைப் பற்றி வகுப்பிற் கேட்ட பாடம் இதற்கு எவ்வாறு துணை செய்தது என்பதும் உடன் விளங்கும். இதனை எழுதத் தூண்டியது, சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம் ஊரில் நிகழ்ந்த ஒரு செய்தியாகும்.

நிகழ்ந்தது

எம் ஊர் வேலம்பாளையம். முன்னர்ப் ‘15 வேலம்பாளையம்’ என்னும் பெயரால் தனி நகராட்சியாயிருந்து, 2011-ஆம் ஆண்டில் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்த பகுதி அது. தெருவுக்குத் தெரு பின்னலாடைத் தையற்கூடங்கள் உண்டு. எம் அத்தையாரும் ஆறு பவர் டேபிள் இயந்திரங்களை வைத்துக் கம்பெனிகளிலிருந்து வெட்டிய துணிக்கட்டுகளை வாங்கித் தைத்துக் கொடுத்து வருகின்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை அதனை நடத்தியவர் எம் மாமா. அவர் இறைவனடி சேர்ந்தபின் அத்தையாரே நடத்துகின்றார்.

மாமா உயிருடன் இருந்த காலத்தில், எழுத்தைத் தட்டி அனுப்பும் பழக்கம் அவருக்கு இல்லை. கம்பெனி வாயிலில் நின்றவாறே வாட்ஸப்பிற் பேசி அனுப்புவார். எத்தனை பீஸ் வந்தது, எந்தக் கட்டிற்கு நூல் போதாது, வீட்டிற்கு என்ன வாங்கி வரவேண்டும் என்பனவே அப்பேச்சுகளின் பொருள். அவற்றுள் அரியது ஒன்றுமில்லை. ஆயினும் அவர் குரல் எஞ்சியிருப்பது அவற்றில் மட்டுமே.

அத்தையாரின் கைப்பேசியில் மின்னேற்றும் துளை தளர்ந்துவிட்டது. கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே மின்சாரம் ஏறும். ஆகவே மச்சான் புதியதொன்று வாங்கி வந்து, சிம் அட்டையை அதில் இட்டு, ஒரு மாலைப்பொழுதில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகக் கூறினார். மூன்று நாள் கழித்து, பழைய கைப்பேசிகளை விலைக்கு வாங்கும் கடையொன்றிற்குக் கொடுப்பதற்காக அதனை முழுதும் அழிக்கும் இடத்தைத் திறந்து விரலையும் நீட்டிவிட்டார். அந்நேரத்தில் அத்தையார் புதிய கைப்பேசியை எம்மிடம் நீட்டி, “போனு பழசோ புதுசோ போகட்டும் கண்ணு, உங்க மாமன் பேசுனதைக் காணமே?” என்றார். யாம் வாங்கிப் பார்த்தோம். வாட்ஸப்பிற் குழுக்களின் பெயர்கள் இருந்தன. பழைய உரையாடல் ஒன்றேனும் இல்லை. மச்சான் கையை மீட்டுக்கொண்டார்.

மாற்றுதல் என்பது யாது?

எம் ஊரை அடுத்த அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்குச் செய்த ஒரு குடத்தினின்று மற்றொரு குடத்திற்கு நீரை வார்த்தால் முதற்குடம் வெறுமையாகும். தரவின் இயல்பு அத்தகையதன்று. கைப்பேசியில் ‘மாற்றுதல்’ என்று நாம் வழங்குவது உண்மையிற் படியெடுத்தலே. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுங்கால் மூலஏட்டின் எழுத்துகள் அதைவிட்டுப் போகாதவாறு போல, பழைய கைப்பேசியில் உள்ளவை அங்கேயே நிற்கின்றன. படி எடுக்கும்போது நேரும் குறை எதுவாயினும், மூலம் இருக்கும்வரை திருத்திக்கொள்ளலாம். இழப்பு உண்டாவது மாற்றும்போது அன்று. மாற்றம் முடிந்தது என்று நம்பி மூலத்தை அழிக்கும்போதே உண்டாகின்றது. இவ்வொன்றை உணர்ந்தால் ஏனையவை எளிதில் விளங்கும்.

பொருள்கள் உறையும் இடம்

கைப்பேசியிற் காணப்படுவன யாவும் கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றன என்று எண்ணுதல் பிழை. அவை உறையும் இடங்கள் வேறுவேறாதலின், பெயர்க்கும் வழியும் வேறுவேறாகும்.

முதலாவது, பெயரும் எண்ணும். இவை மூன்றிடங்களில் இருத்தல் கூடும்: சிம் அட்டையில், கைப்பேசியின் நினைவகத்தில், அல்லது கூகுள் முதலிய கணக்கில். கணக்கில் உள்ளவை, புதிய கைப்பேசியில் அதே கணக்கைத் திறந்த அளவிலே தாமே வந்து சேரும். நினைவகத்தில் மட்டும் உள்ளவை தாமே வாரா, அவற்றை வி.சி.எஃப். என்னும் கோப்பாக வெளியே எடுத்துச் செலுத்துதல் வேண்டும். சிம் அட்டையோ மிகச் சிறிய ஏடு. பெரும்பாலானவற்றில் 250 பெயர் அளவே அடங்கும். பெயருக்குரிய இடமும் குறுகியது. அதிலும் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளினும் மிகுதியான இடம் கொள்வன. அத்தையார் தம் தையற்காரர் ஐவரையும் ‘பவர் டேபிள்’ என்னும் அடைமொழி முன்வைத்தே பதிந்திருந்தார். மச்சான் சிம் வழியாக மாற்றியபோது, அடைமொழிக்குப் பின்னிருந்த பெயர்கள் அறுபட்டு, ஐவரும் ‘பவர் டேபிள்’ என்ற ஒரே பெயரினராய் நின்றனர். கணக்கின் வழியே மீண்டும் கொண்டுவந்த பின்னரே அவரவர் பெயர் அவரவர்க்குக் கிடைத்தது.

இரண்டாவது, நிழற்படங்கள். அத்தையார் சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தவுடன், கணக்கு நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து வைப்பது வழக்கம். இவற்றுட் சிலவற்றை மச்சான் வாட்ஸப் வழியே அனுப்பி மாற்றியிருந்தார். பலரும் கையாளும் வழியே எனினும் இது நன்றன்று. அவ்வாறு அனுப்பப்படும் படத்தை அச்செயலி சுருக்கிவிடுகின்றது. படம் எடுக்கப்பட்ட நாள் முதலிய குறிப்புகளையும் நீக்கிவிடுகின்றது. 3 என்பதும் 8 என்பதும் ஒன்றுபோல் மங்கித் தோன்றின. ஏடு எழுதுவோர் மூலத்தைச் சுருக்கி எழுதினால் எத்தன்மைத்தோ அத்தன்மைத்தே இது. படங்களைக் கோப்பாகவே, கேபிள் வழியாகவோ, கைப்பேசியைப் புதிதாகத் தொடங்குங்கால் அதுவே காட்டும் நேர்ப்பெயர்ப்பு முறையாலோ மாற்றுதலே தக்கது.

மூன்றாவது, வாட்ஸப் உரையாடல்கள். இவை அந்நிறுவனத்தின் கணினியிற் சேமித்து வைக்கப்படுவதில்லை. அவரவர் கைப்பேசியிலேயே உறைகின்றன. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலும், ஐபோனில் ஐகிளவுடிலும் காப்புப்படி எடுத்து வைக்கும் வசதி உண்டு. ஆயினும் அதனை நாமே ஏற்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். கூகுள் கணக்கில் விலையின்றிக் கிடைக்கும் இடம் 15 ஜி.பி. ஆகும். முன்பு வாட்ஸப் காப்புப்படி இவ்வளவிற் சேர்க்கப்படவில்லை. 2024-ஆம் ஆண்டு முதல் சேர்க்கப்படலாயிற்று. அத்தையாரின் கணக்கு நிறைந்துவிட்டமையின் காப்புப்படி என்றோ நின்றுபோயிருந்தது. அதனை ஒருவரும் அறிந்திலர்.

நான்காவது, பணம் செலுத்தும் செயலிகள். 2016-ஆம் ஆண்டிற் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் பணம் கைப்பேசிக்குள் இருப்பதன்று, வங்கியில் உள்ளது. கைப்பேசி அதற்கொரு வாயில் மட்டுமே. அவ்வாயில் இன்ன சிம், இன்ன கைப்பேசி என்று பிணைக்கப்பட்டிருத்தலின், அதனைப் பெயர்த்துக் கொணர இயலாது. புதிய கைப்பேசியில் அதே சிம்மிலிருந்து குறுஞ்செய்தி சென்று மீண்டும் பிணைதல் வேண்டும். பிறர் நம் பெயரால் வேறொரு கைப்பேசியிற் புகாதிருத்தற்பொருட்டே இத்தடை அமைந்தது.

மீட்டமை

இனி, குரல்களை மீட்ட வகையைக் கூறுவோம். புதிய கைப்பேசியில் எண்ணைப் பதிந்தபோது, பழையதில் இருந்த வாட்ஸப் தானே வெளியேறிவிட்டது. ஆயினும் மச்சான் அச்செயலியை நீக்கியிருக்கவில்லை. எனவே பழைய கைப்பேசியில் அதே எண்ணை மீண்டும் பதிந்தோம். சரிபார்க்கும் 6 இலக்க எண் புதிய கைப்பேசியில் இருந்த சிம்மிற்கு வந்தது. அதனைப் பழையதில் இட்டோம். உரையாடல்கள் யாவும் இருந்தபடியே தோன்றின. மாமாவின் பெயரும் அதன்கீழ் அவர் குரற்பதிவுகளும் வரிசையாய் நின்றன. அத்தையார் ஒன்றும் பேசாது எம்மருகே வந்து அமர்ந்தார்.

ஆண்ட்ராய்டுக் கைப்பேசி இரண்டிற்கிடையே, இணையத்தில் ஏற்றாமல், நேரே உரையாடல்களைப் பெயர்க்கும் முறையினை வாட்ஸப் 2023-ஆம் ஆண்டில் வழங்கியது. புதியதில் தோன்றும் கட்டக்குறியைப் பழையது தன் கேமராவால் நோக்கும். உடனே இரண்டும் தமக்குள் வைஃபை வழியே இணைந்துகொள்ளும். கேபிள் தேவையில்லை, மின்னேற்றும் துளை பழுதுற்ற எமக்கு அதுவே பொருத்தமாயிற்று. பழையதனை முன்கூட்டியே முழுதும் மின்னேற்றி, முடியும்வரை இரண்டினையும் ஒரே மேசைமேல் வைத்துக் காத்திருந்தோம்.

இவ்விடத்து ஓர் இடர்ப்பாடு எழுந்தது. புதிய கைப்பேசியிலும் மூன்று நாளைய உரையாடல்கள் சேர்ந்திருந்தன. அவற்றுள் கம்பெனியார் அனுப்பிய அளவுக்குறிப்புகளும் இருந்தன. பழையதும் புதியதும் ஆகிய இரண்டினையும் ஒன்றாக இணைக்க அச்செயலிக்குத் தெரியாது. ஒன்றைக் கொண்டால் மற்றொன்றைக் கைவிடல் வேண்டும். பதிப்பாசிரியர் இவ்வாறு கைவிடுதல் இல்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்குங்கால், பற்பல ஏட்டுப்பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கி, ஒன்றில் இல்லாததை மற்றொன்றினின்று நிரப்பினார். பொறிக்கு அவ்வறிவு இன்மையின், யாமே அதனைச் செய்தோம். மூன்று நாளைய உரையாடல்களுள் வேண்டியவற்றை ஒவ்வொன்றாய் வெளியெடுத்து மின்னஞ்சலிற் சேமித்த பின்னரே, புதியதிலிருந்து வாட்ஸப்பை நீக்கி மீண்டும் நிறுவிப் பழையதனைப் பெயர்த்தோம். இடையில் ஒன்று மறந்திருந்தாலும் தையற்கூடத்திற்கு இழப்பாகியிருக்கும்.

எண்ணுதலும் ஒப்புநோக்கலும்

பெயர்த்தது முடிந்தது என்று பொறி கூறுவதை அவ்வாறே ஏற்றல் ஆகாது. எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதனைப் புறநானூறு நமக்குக் கற்பிக்கின்றது. 1894-ஆம் ஆண்டில் ஐயரவர்கள் அதனை அச்சிட்டபோது 267, 268 என்னும் எண்களுக்குரிய பாடல்கள் கிடைத்தில. நூலின் பெயரே நானூறு என்பதனாலும், பாடல்கள் எண்ணிட்டு நின்றமையாலும் இவ்விழப்பை நாம் அறிகின்றோம். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை என்பதும் அவ்வாறே அறியப்பட்டது. எண் இல்லாதிருந்தால், இழந்தோம் என்பதையும் இழந்திருப்போம்.

எம் இல்லத்திற் பழைய வேதாகமம் ஒன்று உண்டு. அதன் முதல் தாளில் மூன்று தலைமுறையினரின் பிறந்தநாளும் திருமுழுக்கு நாளும் எழுதப்பட்டிருந்தன. தாள் நைந்தபோது பாட்டியார் அவற்றைப் புதிய வேதாகமத்திற் பெயர்த்தெழுதினார். பின்பு ஒருவர் பழையதைப் படிக்க மற்றொருவர் புதியதைப் பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புள்ளியிட்டனர். பழையது இன்றும் பெட்டியில் இருக்கின்றது.

யாமும் அம்முறையினையே மேற்கொண்டோம். பெயர்க்குமுன் படங்கள் எத்தனை, பெயர்கள் எத்தனை, குரற்பதிவுகள் எத்தனை என்று ஒரு தாளிற் குறித்தோம். பெயர்த்தபின் புதியதில் எண்ணினோம். பெயர்களும் படங்களும் ஒத்திருந்தன. குரற்பதிவுகளை மட்டும் அத்தையார் ஒவ்வொன்றாய்க் கேட்க விரும்பினார். அவ்வாறு கேட்டதாலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. மூன்று பதிவுகளுக்கு நாளும் நேரமும் இருந்தன, ஒலி இல்லை. பழையதிலும் அவ்வாறே இருந்தது. முன்னொருகால் இடம் போதவில்லை என்று கோப்புகளை நீக்கியபோது அவையும் நீங்கியிருத்தல் வேண்டும். அவற்றில் மாமா என்ன பேசினார் என்பது அத்தையாருக்கு நினைவில்லை. வெறும் வரிகளை நீக்கிவிடலாமா என்று மச்சான் கேட்டார். “வேண்டாம், அது அங்கேயே கெடக்கட்டும்” என்றார் அத்தையார். ஏட்டிற் சிதைந்த இடங்களைத் தாமாக நிரப்பாது புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பாசிரியர்களின் நேர்மை எமக்கு அப்பொழுது நினைவிற்கு வந்தது.

திறவுகோல்

பொருள் வந்து சேர்ந்தும் படிக்க இயலாமற்போதலும் உண்டு. பழைய ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடும் வழக்கம் பெரிதும் இல்லை; எழுத்து முழுதும் இருப்பினும் இலக்கணமும் பொருளும் அறிந்தார்க்கே அது நூலாகும். கணினித் தமிழிலும் இந்நிலை நேர்ந்தது. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை முதலில் டிஸ்கி என்னும் குறியீட்டிலும், பின்னர் யூனிகோடிலும் வெளியிட்டனர். 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசும் யூனிகோடினை ஏற்றது. பழைய குறியீட்டில் எழுதிய கோப்பினை இன்று ஒரு புதிய கைப்பேசியில் திறந்தால், எழுத்துக்குப் பதிலாய்ப் பொருளற்ற குறிகளே தோன்றும். கோப்பு வந்தது, அதைப் படிக்கும் திறவுகோல் வரவில்லை.

இன்றைய காப்புப்படிகளிலும் திறவுகோல் ஒன்று உண்டு. 2021-ஆம் ஆண்டு முதல் வாட்ஸப் காப்புப்படியைக் கடவுச்சொல்லாலோ 64 இலக்கத் திறவெண்ணாலோ பூட்டி வைக்கலாம். பூட்டியவர் அதனை மறந்தால், அந்நிறுவனத்தாரும் திறந்து தர இயலாது. ஆதலின் கடவுச்சொல்லைக் கைப்பேசிக்குள் மட்டும் வைத்தல், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே இட்டுப் பூட்டியதனோடு ஒக்கும். அதனை ஒரு தாளில் எழுதி வீட்டிற் பாதுகாப்பான இடத்தில் வைத்தல் வேண்டும்.

அழித்தல்

இறுதியாக நிற்பது மூலத்தை அழிக்கும் செயல். சாமிநாதையரவர்கள் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது நேர்ந்ததை அவர்தம் வரலாற்றாற் கற்றிருக்கின்றோம். பாண்டியர் ஒருவர் தொகுத்து வைத்த ஏடுகள் அங்குள்ள கோயிலில் இருந்தன என்று கேட்டே அவர் சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடுதல் ஆகம விதி என்று கூறி, அவற்றை அவ்வாறே செய்துவிட்டனர் என்னும் விடையே அவருக்குக் கிடைத்தது. இட்டவர் பகைவர் அல்லர். நன்மை செய்வதாகவே எண்ணினர். படியெடுத்து வைத்த பின் தீயில் இட்டிருந்தால் நமக்கு ஒரு குறையும் இல்லை. எம் மச்சானும் பகைவர் அல்லர். தாயாருக்குப் புதியது வாங்கிக் கொடுத்த நல்ல மகனே. நல்லெண்ணம் மட்டும் ஏட்டைக் காவாது.

கைப்பேசியை அழித்தலோ தீயினும் முற்றானது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலாக, அம்முறையோடு வெளிவரும் கைப்பேசிகள் உள்ளிருப்பவற்றை மறையெழுத்தாகவே வைக்கின்றன. ‘முழுதும் அழி’ என்று ஆணையிட்டவுடன் அம்மறையெழுத்தின் திறவுகோல் அழிகின்றது. அதன்பின் எவ்வல்லுநராலும் மீட்க இயலாது. கைமாறும் கைப்பேசியில் நம் செய்திகள் பிறர்க்குக் கிடையாதிருத்தற்கு இது பெருந்துணை; அவசரப்படுவோர்க்கோ பெருங்கேடு.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்துரைப்பின்: எப்பொருள் எங்கே உறைகின்றது என்பதை முதலில் அறிக. பெயர்க்குமுன் எண்ணிக் குறித்துக்கொள்க. ஒவ்வொன்றையும் அதற்குரிய வழியாற் பெயர்க்க. பெயர்த்தபின் எண்ணியும் திறந்தும் படித்தும் கேட்டும் ஒப்புநோக்குக. பணச்செயலிகளும் கடவுச்சொற்களும் புதியதிற் செவ்வனே இயங்குதலைக் காண்க. ஒரு திங்களேனும் பழையதைப் பெட்டியில் வைத்திருந்து, பின்னரே கணக்குகளை நீக்கி அழிக்க.

மாணவ நண்பர்காள்! நம் பெற்றோரும் பெரியோரும் தம் கைப்பேசியை நம்மிடமே நீட்டி, மாற்றித் தருமாறு கேட்கின்றனர். அது சிறு வேலையென்று எண்ணி விரைந்து முடித்துவிடுதல் நம் இயல்பு. அவர்தம் வாழ்நாளின் ஒரு பகுதியை அவர் நம் கையில் ஒப்படைக்கின்றனர் என்பதை நினைவிற் கொள்வோமாக. முதலில் அவர்களிடம், “இதில் உங்களுக்கு எது இல்லாமற் போகக்கூடாது?” என்று கேட்போமாக. மச்சான் அவ்வினாவைக் கேட்டிருந்தால் மூன்று நாள் வீணாகியிராது.

அத்தையாரின் பழைய கைப்பேசி இன்னும் விற்கப்படவில்லை. கடைக்காரர் தருவதாகச் சொன்ன தொகை குறைந்துவிட்டது என்று மச்சான் எம்மிடம் வருந்தினார். தையற்கூடத்திற் கணக்கு நோட்டின் பக்கத்தில் அது கிடக்கின்றது. சனிக்கிழமைகளிற் கூலி கொடுத்து முடிந்தபின், அத்தையார் கேபிளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து அதற்கு மின்னேற்றி வருகின்றார்.